ஆணியில் தொங்கிய நாற்பத்தொரு பை

ராக்காயி மதினி மூன்று மாதம் சாகாமல் இருந்ததற்குக் காரணம் பேக்கரிப் பாண்தான். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. டாக்டரும் நம்பவில்லை. அவர் படித்தவர், அவரை விட்டுவிடுவோம்.

மார்ச் மாதக் கடைசியில் அந்த டாக்டர்தான் மதினியின் மகன் முத்துலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அம்மாவுக்கு வயசு தொண்ணூத்தொம்பது. இனி ஊசி மருந்தெல்லாம் எதுக்கு? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஆசைப்பட்டதக் குடுங்க. ஒரு வாரம் தாங்கினா பெரிசு." முத்துலிங்கம் அவளைத் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான மேட்டு லயத்துக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தான். அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் நான் இருக்கிறேன். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் எனக்கு ஒரு பொறுப்பு உண்டு. யார் செத்தாலும், வீட்டு வாசலிலிருந்து இடுகாடு வரைக்கும் பாதையோரமாக வெள்ளைக் கொடி கட்ட வேண்டும். கொடிப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு முறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

"என்ன கொழுந்தனாரே, கயிறு எவ்வளவு வேணும்னு அளக்க வந்தீங்களா?" என்றாள் மதினி, கண்ணைத் திறக்காமலே.

"இல்ல மதினி. மழைக்கு முன்னாலயா, பின்னாலயான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு."

"நீங்க மொதல்ல போங்க. நான் வந்து கொடி கட்டுறேன்."

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கேஷிகா வந்து சேர்ந்தாள்.

கேஷிகா டிக்கோயாக் கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் நாகரத்தினம் முதலாளியின் மகள். கொழும்பில் மூன்று வருஷம் ஏதோ படித்துவிட்டு, திரும்பி வந்து அப்பாவின் அடுப்புக்கு முன்னால் நின்றவள். ஹட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்ததிலிருந்து நாகரத்தினத்தின் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. அங்கே சாமான் வாங்கினால் கார்டில் பொயிண்ட் ஏறுமாம். முத்துலிங்கம் ஒரு வருஷம் முழுக்கப் பொயிண்ட் சேர்த்து, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி வாங்கி வந்தான். அதற்கும் மேலே இருபது ரூபாய் கொடுத்தான் என்பது அம்மாக்கண்ணு சொல்லித்தான் வெளியே வந்தது. அம்மாக்கண்ணு அவன் பெண்சாதி. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாகரத்தினம் அடுப்பின் இரும்புக் கதவையும் மாப் பிசைகிற மெஷினையும் விற்றுவிட்டு ஓய்ந்து உட்காருவதென்று முடிவு செய்திருந்தார். மகள் விடவில்லை. அப்பனும் மகளும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கேஷிகா நினைத்த மாதிரி மாதக் கார்டு போட்டு மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். ஜூலை பத்தாம் தேதி காலையில் குறைந்தது நாற்பது வீடு பாண் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்று பத்து மணிக்கு வட்டவளைக்காரர் ஒருத்தர் லொறியோடு வந்து அடுப்புக் கதவைக் கழற்றிக்கொண்டு போவார். நாகரத்தினம் அவரிடம் நாள்கூடக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணு குறைஞ்சாலுமாப்பா?" என்று மகள் கேட்டாளாம்.

"ஒண்ணு குறைஞ்சாலும்" என்றாராம்.

எங்கள் தோட்டம் டிக்கோயாவிலிருந்து நாலு மைல். கீழே இரண்டு லயம், மேலே ஒரு லயம். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கேஷிகா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆட்டோ ஓட்டுகிறவன் மதுரன், அவளுடைய அத்தை மகன். ஆட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. தூரத்திலேயே பாண் வருகிறதென்று தெரிய ஒரு பாட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு வரும். தண்ணீர்ப் பீலியடியில் சனம் கூடியது.

கேஷிகா விளக்கினாள். சம்பள நாளான பத்தாம் தேதி ஒரு மாதப் பாணுக்குக் கட்டிவிட வேண்டும். மறுநாளிலிருந்து விடியற்காலையில் சூடான பாண் வாசலுக்கு வரும். கடை விலையைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிம்புலா பணிஸ் இனாம், முதலை மாதிரி நீளமாக, மேலே சீனி தூவினது. மூன்று மாதம் விடாமல் இருப்பவர்களுக்குக் கடைசி நாளில் ஒரு பட்டர் கேக்.

எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒருத்தரும் முன்னால் வரவில்லை.

"கார்டுல பேர் எழுதணுமாம்மா?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"ஆமாக்கா. பேரு, லய நம்பர், ஒரு கையெழுத்து."

"கையெழுத்துப் போட்டா அப்புறம் விட்ருவீங்களா?"

கேஷிகாவுக்கு விளங்கவில்லை. நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் பாட்டன்மார் காலத்தில் துண்டு என்று ஒரு காகிதம் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தது என்று அந்தத் துண்டில் எழுதித் தந்தால்தான் ஒருத்தன் அந்தத் தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக முடியும். கடன் தீராது, துண்டு கிடைக்காது. அதனால் எங்கள் ஆட்களுக்கு உள்ளே வரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், கண் முதலில் வெளியே போகிற வழியைத்தான் தேடும். என் பாட்டனுக்குத் துண்டு கிடைக்க இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. கிடைத்த அன்று அவர் கதவைத் திறந்து வெளியே போய், தேயிலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொண்டார். போக முடியும் என்று தெரிந்ததே போதும் என்று சொல்லிவிட்டார்.

கேஷிகா திரும்பி லயத்து வாசல்களைப் பார்த்தாள். பிறகு மதுரனிடம், "டூல்ஸ் பெட்டியில ஆணி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்போ பேரே வேணாம்" என்றாள் எங்களைப் பார்த்து. "கையெழுத்தும் வேணாம். ஒவ்வொரு வாசல் நிலையிலயும் ஒரு ஆணி அடிச்சு, ஒரு வெள்ளத் துணிப் பை குடுக்கிறோம். விடியக்காலம பை ஆணியில தொங்கினா பாண் போட்டுட்டுப் போவோம். தொங்கலைன்னா நிறுத்திட்டீங்கன்னு அர்த்தம். மிச்சக் காசு வீடு தேடி வரும். ஏன் நிறுத்தினீங்க, எதுக்கு நிறுத்தினீங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டோம். மதுரன், நீயும் சத்தியம் பண்ணு."

மதுரன் கோயில் பக்கமாகத் திரும்பி, "மாரியம்மா மேல ஆணையா ஏன்னு கேக்க மாட்டேன்" என்றான்.

இதற்குள் மேட்டு லயத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு வாரத்தில் சாகப் போகிறவளின் குரல் மாதிரி அது இல்லை. "அந்தப் புள்ளகிட்ட சொல்லு, எனக்கு நம்பர் ஒண்ணு!"

அம்மாக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டாள். "அத்தைக்கு ஒரு மாசத்துக்கா கட்டுறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். முத்துலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போய், பத்தாம் தேதி கட்டுவதாகச் சொல்லிவிட்டான். மதினிக்கு நம்பர் ஒன்று, எனக்கு நம்பர் இரண்டு. அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு வாசலில் ஆணி ஏறியது. பைகளில் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டிருந்தது.

மதினி அந்த வாரம் சாகவில்லை. அடுத்த வாரமும் சாகவில்லை. பல் கிடையாது, பாணைப் பிய்த்துப் பால் ஊற்றாத பிளேன்டியில் நனைத்துச் சாப்பிட்டாள். "ஏன் மதினி, டாக்டர் சொன்ன நாள் தாண்டிருச்சே" என்று நான் கேட்டபோது, "காசு கட்டின பாணு இன்னும் பதினாறு கெடக்கு. அத யாரு திங்கிறது, ஒங்க டாக்டரா?" என்றாள். மே பத்தாம் தேதி முத்துலிங்கம் மறுபடி கட்டினான். ஜூன் பத்தாம் தேதி மறுபடி கட்டினான். மே மாதம் ஒருநாள் அவளுக்கு நாடி நின்றேபோனது. நான் கயிற்றைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கீழ் லயத்தில் மதுரனின் பாட்டுச் சத்தம் கேட்டது. மதினி எழுந்து உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழமதானே, பணிசு எங்க?" என்றாள். நான் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூன் மாதக் கடைசியில் அவள் என்னைக் கூப்பிட்டு, "கேக்கு பத்தாந் தேதிதானே?" என்று கேட்டாள்.

"ஆமா மதினி."

"அதத் தின்னுட்டுப் போயிர்றேன். யாருக்கும் சொல்லாதீங்க."

நான் எல்லாருக்கும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மதினி செத்துப்போனாள். கேக்குக்கு இன்னும் பதினான்கு மணி நேரம் இருந்தது. பொல்லாத மழை, அவளால் தாங்க முடியவில்லை. முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்ததை நான் பார்த்தேன்.

தொண்ணூற்றொன்பது வயதுச் சாவு. அழுகிறவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் தப்படிக்க ஆள் சொல்லி அனுப்பினார்கள். கீழ் லயத்துச் சனம் மொத்தமும் மேட்டு லயத்துக்கு ஏறி வந்துவிட்டது. செத்த வீட்டில் அடக்கம் முடியும் வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. அக்கரப்பத்தனையிலிருந்தும் றொசல்லயிலிருந்தும் உறவுக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குப் பசிக்கும். ஆகவே நாற்பத்தொரு வீட்டுக்காரரும் கூடிப் பேசி, நாளை காலையில் வருகிற பாணையெல்லாம் அப்படியே செத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அம்மாக்கண்ணுவின் அக்காக்காரி நாலு தேங்காய்க்குச் சம்பல் அரைப்பதாகச் சொன்னாள்.

நான் போய்க் கொடிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பாச்சை இருந்தது. கொடி இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திரைப் புத்தாண்டு கிரிக்கெட்டுக்கு பவுண்டரியில் நட்டு வைக்க ஏதாவது வேண்டும் என்று எங்கள் பையன்கள் கேட்டார்கள். அத்தனை கொடியையும் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். ஜெயித்த பக்கத்துத் தோட்டத்துக்காரன்கள் கோப்பையோடு பவுண்டரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்கள். மழையில் இனி எங்கே போய் வெள்ளைத் துணி வாங்குவது? வெளியே வந்து யோசித்துக்கொண்டு நின்றேன். எதிரே முத்துலிங்கத்தின் வாசல் நிலையில், துவைத்த வெள்ளைப் பை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் மூன்று லயத்திலும் ஒரு பை விடாமல் சேகரித்துவிட்டேன். கேட்ட உடனே எல்லாரும் கொடுத்தார்கள், நாற்பத்தொரு வீட்டில் ஒருத்தருக்கும் வேறு யோசனை வரவில்லை. எனக்கும் வரவில்லை. கயிற்றின் ஒரு முனையை என் வாசல் ஆணியில் இறுக்கிக் கட்டினேன், இடுகாட்டுப் பாதை என் காம்பராவுக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அங்கிருந்து சவுக்கு மரம், அடுத்த சவுக்கு மரம், பழைய விளக்குக் கம்பம் என்று கட்டிக்கொண்டே போய் நாற்பத்தொரு பையையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். நானே சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. றொசல்லயிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும், "கொடியில எதுக்குங்க நம்பரு?" என்று கேட்டார்.

"இடுகாட்டுக்கு வழி தப்பாம போறதுக்கு" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் மூடுபனி. எங்கள் ஊர்ப் பனியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பல்பொடியோடு பல் தேய்க்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரன் பல்லைத் தேய்த்துவிட்டு வரக்கூடும். ஐந்தரை மணிக்குக் கீழே மதுரனின் பாட்டுச் சத்தம் வந்தது. முதல் லயத்தடியில் கொஞ்ச நேரம் நின்றது. இரண்டாவது லயத்தடியில் அதைவிடக் கூடுதல் நேரம் நின்றது. பிறகு பாட்டு பட்டென்று நின்றுபோய், ஆட்டோச் சத்தம் மட்டும் இறங்கித் தேய்ந்து போயிற்று.

"செத்த வீடுன்னு தெரிஞ்சு பாட்ட நிறுத்திட்டான். நல்ல பையன்" என்றான் முத்துலிங்கம்.

"பாட்ட நிறுத்தினான் சரி. பாண் எங்க?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஆறரை ஆனது, ஏழானது. சம்பல் அரைத்து முடிந்துவிட்டது. உறவுக்காரர்கள் சம்பலைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நேற்றைய மழைக்கு டவர் போய்விட்டதால் போனும் இல்லை. அம்மாக்கண்ணு, அழுது வீங்கிய கண்ணோடு, வாசலில் வந்து நின்று ஆணியைப் பார்த்தாள். பிறகு பாதையோரம் ஆடிக்கொண்டிருந்த பைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா."

"சொல்லு தாயி."

"ஆணியில பை இல்லாம அவன் எதுல பாண் போடுவான்?"

அவள் நிறுத்தவில்லை. "இன்னைக்குப் பத்தாந் தேதி. மூணு லயத்துலயும் ஒரு பை இல்ல. அந்தப் புள்ள என்னன்னு நெனச்சிருக்கும்? நாம மொத்தமும் சொல்லிவச்சு நிறுத்திட்டோம்னுதானே? ஏன்னு கேக்கவும் மாட்டாங்க. சத்தியம் பண்ணிட்டாங்க. பத்து மணிக்கு அடுப்பக் கழட்டப் போறாங்க மாமா!"

கையில் அகப்பட்ட ஒரு துணியைப் பனிக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். நாலு மைல். என் வயது எழுபத்துநாலு. முப்பத்தைந்து நிமிஷத்தில் டிக்கோயாவில் இருந்தேன். வழியில் காலில் ஏறிய இரண்டு அட்டைகள் வேகம் தாங்காமல் பாதியிலேயே இறங்கிக்கொண்டன.

பேக்கரி வாசலில் லொறி நின்றது. வட்டவளைக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார், அடுப்புக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் நாற்பத்தொரு பாண் தொட்டவர் இல்லாமல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய, எண்ணெய்த் தாளில் சுற்றி நூல் கட்டிய குட்டிக் குட்டிக் கேக்குகள். மதுரன் படிக்கட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேஷிகா அடுப்புக்கு முன்னால் முக்காலியில் இருந்தாள். அழவில்லை. கேக்குக் கட்டிய நூல் உருண்டையை எடுத்து, விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"வாங்க தாத்தா" என்றாள். "நாங்க ஏன்னு கேக்க மாட்டோம். பயப்படாதீங்க. பிளேன்டி குடிக்கிறீங்களா?"

"நீ கேக்க வேணாம், நானா சொல்றேன். ஒருத்தரும் நிறுத்தல. ராக்காயி செத்துப்போச்சு. கொடி இல்ல. ஒங்க பையையெல்லாம் நான்தான் வாங்கிக் கொடியாக் கட்டிட்டேன்."

நாகரத்தினம் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "அழகையாண்ணே, இன்னைக்கு வேணாம். புள்ள நொந்துபோய் இருக்கு."

"உண்மையத்தான் மொதலாளி சொல்றேன்."

"போன வருஷம் பன்னெண்டாம் நம்பர் மலையில சிறுத்தை ஒங்ககிட்ட வழி கேட்டுச்சுன்னு இதே எடத்துல நின்னுதான் சொன்னீங்க."

"வழி கேக்கல. நேரம் கேட்டுச்சு."

"நாப்பத்தொரு பையக் கயித்துல கோத்துச் சவக்கொடியாக் கட்டினாராம்!" என்று அவர் வட்டவளைக்காரரிடம் திரும்பினார். "நீங்க கதவக் கழட்டுங்க தம்பி."

எழுபது வருஷமாக நான் சொன்ன கதைகள் எல்லாம் சேர்ந்து அன்று காலையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றன. உண்மையைச் சொல்வதில் எனக்குப் பழக்கம் போதாது. சொன்னதையே மறுபடி சொன்னேன், இன்னும் மோசமாக இருந்தது. வட்டவளைக்காரர் கீலின் முதல் திருகாணியைச் சுழற்றத் தொடங்கினார்.

கேஷிகா எழுந்து நின்றாள். "அப்பா, ராக்காயி ஆத்தா செத்தது உண்மையா இருந்தா?"

"இருந்தா?"

"நம்மளோட நம்பர் ஒண்ணு அவங்கதானே. செத்த வீட்டுக்குப் போகாம இருக்கலாமா? போய்ட்டு வந்து கழட்டட்டும். பாணும் இங்க கெடந்து காயத்தானே போகுது, அங்க குடுத்துட்டு வரலாம்."

"சாவு விஷயத்துல பொய் சொல்லுவாரா மாமா?" என்றான் மதுரன் மெதுவாக.

"இவரா? தொண்ணூத்தாறுல லீவுக்காகத் தன் சாவையே பெரட்டுல அறிவிச்சவரு" என்றார் நாகரத்தினம். அது உண்மைதான், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா எனக்காக ஒரு நிமிஷம் தொப்பியைக் கழற்றினார். ஆனாலும் நாகரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டார். செத்த வீடென்று காதில் விழுந்த பிறகு போகாமல் இருக்க அவரால் முடியாது.

பாணும் கேக்கும் கண்ணாடிப் பெட்டியில் ஏறின. அப்பனும் மகளும் நானும் உள்ளே நெருக்கி உட்கார்ந்தோம். வட்டவளைக்காரர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம், லொறியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கீழ் லயங்களைத் தாண்டும்போது ஆணிகள் வெறுமையாக இருந்தன. கேஷிகா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேட்டு லயத்து வளைவில் ஆட்டோ திரும்பியது. பனி அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. முதலில் தப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பை தெரிந்தது, சிவப்பில் பதினேழு. அப்புறம் முப்பது, எட்டு, இருபத்தாறு. சவுக்கு மரத்துக்குச் சவுக்கு மரம், இடுகாட்டு மேடு வரைக்கும், அத்தனையும் காற்றில் படபடத்துக்கொண்டு நின்றன.

மதுரன் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "ஆத்தாடி" என்றான்.

நாகரத்தினம் இறங்கினார். பாதையோரம் நடந்துபோய், விரலை நீட்டி எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார். "நாப்பது இருக்கு" என்றார். பிறகு முகம் மாறியது. "இதுல நம்பர் ஒண்ணும் சேர்த்தி. அவங்க இப்ப இல்ல. செத்தவங்களக் கணக்குல எடுக்க ஏலாதும்மா. முப்பத்தொம்பது."

தப்படிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எனக்கு விளங்கவில்லை. நாற்பத்தொன்று கட்டியவன் நான். ஒன்று எங்கே போனது? நேற்று ராத்திரிக் காற்றில் பறந்துவிட்டதா? வட்டவளைக்காரர் கையிலிருந்த குறட்டைத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், நல்ல மனுஷன்.

கேஷிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தை அல்ல, அதற்குக் கொஞ்சம் மேலே.

"தாத்தா, ஒங்க தலையில என்ன?"

கழற்றிப் பார்த்தேன். வெள்ளைத் துணி. சிவப்பில் நம்பர் இரண்டு. காலையில் அவசரத்தில் கொடிக் கயிற்றின் முதல் பையைத்தான் பிடுங்கிக் கவிழ்த்துக்கொண்டு நாலு மைல் ஓடியிருக்கிறேன். பேக்கரியில் அத்தனை பேரிடமும் என் சாட்சியைத் தலையில் வைத்துக்கொண்டே வாதாடியிருக்கிறேன்.

அதைக் கொண்டுபோய்க் கயிற்றில் அதன் இடத்தில் கட்டினேன். "நாப்பது மொதலாளி. உசிரோட நாப்பது."

"ஆணியில தொங்கணும்னுதான் பேச்சு" என்றார் நாகரத்தினம். ஆனால் அவர் குரல் அப்போதே பிசகத் தொடங்கிவிட்டது. அந்த மனுஷன் தோற்கத்தான் ஆசைப்படுகிறார், கொஞ்சம் உதவி செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் அவரைக் கையைப் பிடித்து என் வாசலுக்கு அழைத்துப் போனேன். கயிற்றின் முனையைக் காட்டினேன். "இது என்ன?"

"ஆணி."

"யார் அடிச்ச ஆணி?"

"மதுரன் அடிச்ச ஆணி."

"கயிறு இந்த ஆணியில தொங்குது. பை கயித்துல தொங்குது. இப்ப சொல்லுங்க, பை எதுல தொங்குது?"

நாகரத்தினம் என் வாசல் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டும் கலந்து வந்தது. "அப்பாடா" என்றார். "அப்பாடா. அந்தக் கதவு இல்லாம கடைக்குள்ள எப்படிம்மா போயிருப்பேன், நேத்துலருந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்." கேஷிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுதது அப்போதுதான். செத்த வீடு என்பதால் யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முத்துலிங்கம் வந்து நின்றான். "எங்களால தானேம்மா இவ்வளவும். ஏன் பை இல்லன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேக்க மாட்டோம்னு சொன்னோமேண்ணே."

"நீ கேக்க மாட்டேங்குற, நாங்க சொல்லாம இருந்துட்டோம். சரிதான் போ!" என்றாள் அம்மாக்கண்ணு. "இனிமே கொடி கட்டுற நாளைக்கு மட்டும் கேளு. அதுக்கு மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா."

நாற்பத்தொரு பாணும் அறுத்து வைக்கப்பட்டது. உறவுக்காரர்கள் சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். வட்டவளைக்காரர் ஆறு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவிலிருந்து கேக்குத் தட்டை இறக்க உதவி செய்தார். அக்கரப்பத்தனையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பதினேழாம் நம்பர் பையைத் தடவிப் பார்த்து, "இந்த ஆட்டோ எங்க பக்கமும் வருமா?" என்று மதுரனை விசாரித்தார்கள். மதுரன் தூரத்தை யோசித்துக் கொஞ்சம் பயந்தான்.

பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்தோம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மாக்கண்ணு கயிற்றிலிருந்து நம்பர் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னாள். கேஷிகா ஒரு கேக்கைப் பிரித்து, மறுபடி சுற்றி, அந்தப் பையில் போட்டுக் கொடுத்தாள். அம்மாக்கண்ணு அதை மதினியின் கையோரம் வைத்தாள். அப்போது மதினியின் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை, நாகரத்தினத்திடம் கேளுங்கள், அவரும் பார்த்தார்.

சாயங்காலம் கொடிகளை அவிழ்த்து வீடு வீடாகக் கொடுத்தேன். துவைத்து, அடுப்படியில் காயவைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாரும் தொங்கவிட்டுவிட்டார்கள். நான் மூன்று லயமும் நடந்து ஒவ்வொரு ஆணியாகப் பார்த்துவிட்டு வந்தேன். இதில் மட்டும் யாரையும் நம்புவதாக இல்லை. முத்துலிங்கத்தின் வாசலில் புதுப் பை ஒன்று இருந்தது. கேஷிகா போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். நம்பர் போடவில்லை, வெறும் வெள்ளை.

மறுநாள் விடியற்காலையில் நல்ல பனி. கீழே பாட்டுச் சத்தம் கிளம்பியது. முதல் லயம், இரண்டாவது லயம். இந்த முறை பாட்டு நிற்காமல் மேலே ஏறி வந்தது. நான் கதவைத் திறந்து பையில் கையை விட்டேன். பாண் சுடச்சுட இருந்தது. அடிப்பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது.

ஏன் என்று நான் கேட்கவில்லை.